சந்தனக் கன்றும் பொன்னாங்கண்ணியும்

"எனக்குத் தனிக் குடிசை வேணும் அம்மா. இல்லேன்னா நான் மலையிறங்கிருவேன்."

சொல்லிவிட்டு நல்லசிவம் அங்கிட்டும் இங்கிட்டும் நடந்தார். கால் ஓரிடத்தில் தரிக்கவில்லை. வீடு வாசல் எல்லாத்தையும் விட்டுவிட்டுப் பொதிகைமலை மடத்துக்கு வந்து சேர்ந்தவர்.

குரு சிவகாமி அம்மை வயசில் அவருக்கு இளையவள். அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவாள்.

"இங்க என்ன குறை அண்ணாச்சி?"

"மடப்பள்ளிப் பேச்சிமுத்துதான் குறை. உறக்கத்துலயும் பேசுதான். கண்ணை மூடினா அவன் பேச்சுதான் உள்ள ஓடுது. பக்கத்துல ஒரு ஆள் இருந்தா எனக்குத் தியானம் வராது."

அம்மை ஒரு சந்தனக் கன்றை அவர் கையில் கொடுத்தாள்.

"இதைத் தழைக்க வைங்க. மேல்பாறைக் குடிசை உங்களுக்குத்தான்."

கன்றின் தூரை ஒட்டி ஒரு கொத்துப் பொன்னாங்கண்ணிக் கீரை முளைத்திருந்தது. கன்றை நட்டதும், நல்லசிவம் முதல் வேலையாக அந்தக் கீரையைப் பிடுங்கினார். லேசில் வரவில்லை. அடியில் யாரோ பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது. வெடுக்கென்று இழுத்து எறிந்தார்.

அதுக்கப்புறம் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. பூசை நடக்கும்போதே எழுந்து போய்க் கன்றைப் பார்ப்பார். சாணி வைப்பார். தண்ணீர் ஊற்றுவார். சுற்றிலும் ஒரு புல் விடாமல் கொத்துவார்.

"போய்ப் போய்ப் பாத்தா அதுக்குக் கூச்சமா இருக்காதா சாமி?" என்பான் பேச்சிமுத்து.

"உன் சோலியப் பாருடே."

கன்று மஞ்சளடித்தது. கொழுந்து கருகியது. ஒருநாள் காலை இலையெல்லாம் தொங்கிவிட்டது.

நல்லசிவம் அம்மையிடம் ஓடினார்.

"குழியில தண்ணி நிக்குது. உரம் கெடக்குது. ஆனாலும் வாடுதே, ஏன்?"

அம்மை வந்து குனிந்து பார்த்தாள்.

"கூட இருந்த கீரை எங்க?"

"பிடுங்கிட்டேன். சந்தனத்துக்கு என்னத்துக்குக் கீரைத் துணை?"

அம்மை விரலால் மண்ணை விலக்கினாள். கன்றின் வேரில் அங்கங்கே சின்னச் சின்ன முடிச்சுகள். சில முடிச்சுகளில் அறுந்துபோன கீரைவேர் இன்னும் ஒட்டியிருந்தது.

"இது என்ன முடிச்சு?"

"வாய்."

"வாயா?"

"பக்கத்து வேரைக் கவ்வி உறிஞ்சுத வாய். மண்ணுல இருக்கிற தண்ணியும் சத்தும் தன்னால முழுசா எடுக்க அதுக்கு ஏலாது. கீரை எடுக்கும். இது அதுகிட்ட வாங்கிக்கும்."

"இம்புட்டு வாசனையை வச்சுக்கிட்டுத் திருட்டுப் பொழைப்பா?"

அம்மை சிரித்தாள். எழுந்து கையைத் தட்டிக்கொண்டாள்.

"கன்னு கெடக்கட்டும். நீங்க இன்னைக்கே குடிசைக்குப் போங்க அண்ணாச்சி."

நல்லசிவத்தின் முகம் மலர்ந்தது.

"நெசமாவா அம்மா?"

"நெசந்தான். அங்க அடுப்பு கிடையாது, ஊத்தும் கிடையாது. என்ன செய்வீக?"

"அதுக்கென்ன, சோத்தைப் பேச்சிமுத்து கொண்டாந்து வச்சிருவான். தண்ணியையும் அவன்தான..."

நல்லசிவம் வாயைப் பொத்திக்கொண்டார்.