பரிவட்டமும் ஜீவனாம்சமும்

விவாகரத்து முடிந்து ஜீவனாம்ச வழக்கு வந்த அன்று, செங்கல் சூளை முதலாளி வேலாயுதம் கிழிந்த சட்டையோடு பெண் நீதிபதி முன்னால் மூக்கைச் சிந்தினார்.

"ஐயோ, சல்லிக்காசு வருமானம் இல்லீங்கம்மா! நான் எங்க போவேன்?"

அவரைப் பிரிந்து தையல் கூலியில் மகளை வளர்க்கும் முன்னாள் மனைவி செண்பகத்தைப் பார்த்து, "நீங்க என்னம்மா சொல்றீங்க?" என்றார் நீதிபதி.

"பாவம்மா, நொடிச்சுத்தான் போயிட்டாரு. அதை அப்படியே தீர்ப்புல எழுதிக் குடுங்க, கோயில் கமிட்டியில காட்டணும். பெரிய சூளைக்காரருக்குத்தான் திருவிழாவுல பரிவட்டம் கட்டுவாங்க. இந்த வருஷம் பக்கத்துச் சூளை சங்கரபாண்டி அண்ணனுக்குக் கட்டட்டும்."

வேலாயுதம் துள்ளிக் குதித்தார். "அவனுக்கா? அவன்கிட்ட இருக்கறது ஒத்தச் சூளை! எனக்கு நாலு ஓடுது, லாரி வேற!"

நீதிபதி எழுதிக்கொண்டே, "லாரி எத்தனைங்க?" என்றார்.

"மூணு!" என்று நெஞ்சை நிமிர்த்தினார் வேலாயுதம்.

அவருடைய வக்கீல் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். செண்பகத்துக்கும் மகளுக்கும் ஜீவனாம்சம் அன்றைக்கே தீர்ப்பானது.