கையத் தூக்குன எதிரி

உக்காருங்க, உக்காருங்க. ஏ, கடைசி வரிசை, அந்த மாட்டுச் சந்தைப் பேச்ச அப்புறம் வச்சுக்கிடுங்க. கால நீட்டுனவுக மடக்குங்க, வாயத் தொறந்தவுக மூடுங்க. இது இன்னும் அறுவது வருசம் கழிச்சு நடந்த கதை. அதெப்படிவே கழிச்சு நடந்துச்சுன்னு கேக்கவன் இப்பவே எந்திரிச்சுப் போயிரலாம்.

ஊசிமலை உச்சியில ஒரு ராணுவக் காவல். மொத்தம் நாலே சிப்பாய். மலைக்கு அந்தப் பக்கம் எதிரி. இவுக நாலு பேரப் பத்தியும் எதிரிக்கு நல்லாத் தெரியும்போல, பாவம்னு விட்டுட்டான். பத்து வருசமா எட்டிக்கூடப் பாக்கல.

அந்தக் காலத்துல சர்க்கார் ஒரு திட்டம் போட்டுச்சு. சிப்பாய் ஒடம்புல எது சோடையோ அத மாத்தி எந்திரம் வச்சுக் குடுக்கது. நாலு பேருக்கும் தலைவரு ஹவில்தார் பெத்தணன். அவருக்கு வலது கை. கொம்பையாவுக்கு ஒரு கண்ணு. உச்சிமகாளிக்கு ஒரு காது. சூசைக்கு எடது காலு. சூசைக்குக் கால்ல ஒரு கொறையும் கெடையாது. ஆனா அவன் வாயத் தொறக்க மாட்டான். கால் வலிக்குதான்னு டாக்டர் கேட்டதுக்குத் தலைய ஆட்டுனான். எதுக்கு ஆட்டுதான்னு வெளங்காம அவரு மாத்தியே விட்டுட்டாரு.

மனசுல நெனச்சாப் போதும், அது செய்யும்னு டாக்டர் வெளக்கிச் சொன்னாரு. தொடைக்கதுக்குக் கழத்திக்கிடலாம், கழத்தித் தள்ளி வச்சாலும் நெனச்சதச் செய்யும், ஒங்க சொந்த ஒடம்பு மாதிரியே வச்சுக்கிடுங்கன்னு சொல்லி அனுப்புனாரு. ஒவ்வொண்ணுலயும் சர்க்கார் முத்திரை, நம்பரு எல்லாம் உண்டு.

பெத்தணனுக்கு மனசெல்லாம் ஊருல. தங்கச்சி மவளுக்குக் காதுகுத்து. தாய்மாமன்னு இவரு ஒருத்தருதான், இவரு மடியில பிள்ளைய வச்சுத்தான் குத்தணும். லீவு கெடைக்காம ரெண்டு தடவ தள்ளிப்போட்டாச்சு. பிள்ளைக்கு ஆறு வயசாச்சு. இந்தத் தடவயும் வரலன்னா புருசன் வீட்டுல எவன் மடியாவது பாத்து வச்சுக் குத்திருவேன்னு தங்கச்சி சொல்லி விட்டுட்டா. நாளைக்குக் காலையில கர்னல் மேடம் இன்ஸ்பெக்சனுக்கு வாராங்க. எல்லாம் சட்டப்படி இருந்தா லீவுச் சீட்டு, ஒண்ணு பெசகுனாலும் கெடையாது.

அதனால பெத்தணன் சட்டப் பலகைய எழுத்துக்கூட்டி வாசிச்சாரு. சர்க்கார் சாமான் எல்லாத்தையும் சாயங்காலம் ஆறு மணிக்கு ஸ்டோர் ரூம்ல வச்சுப் பூட்டணும்னு போட்டிருந்துச்சு.

"ஏல, நம்ம கை காலு சர்க்கார் சாமானா, சொந்தச் சாமானா?"

"நம்பரு இருக்குல்லா அண்ணாச்சி," கொம்பையா யோசிச்சுச் சொன்னான். "எங்கம்மா என்னைய நம்பர் போட்டாப் பெத்தா?"

அது நியாயம்னு எல்லாருக்கும் பட்டுது. எதுக்கும் இருக்கட்டும்னு கொம்பையா சட்டையக் கழத்தி முழுசாச் சோதிச்சாங்க. தோள்ல ஒரு தடுப்பூசித் தழும்புதான் இருந்துச்சு. அது சர்க்கார் ஊசி, ஆனா நம்பரு இல்ல, அதனால தோளு தப்பிச்சுது.

கண்ண ஒரு தட்டுல வச்சாங்க, காத ஒரு தட்டுல வச்சாங்க, கால மூலையில நிப்பாட்டுனாங்க. கடைசியா ஒரு கேள்வி. கையையும் உள்ள வச்சிட்டா பூட்டுதது யாரு? உச்சிமகாளி இருக்கப்பட்ட மூளையையெல்லாம் கூட்டி ஒரு வழி சொன்னான். அதே மாதிரி கையக் கழத்தி, சாவியக் குடுத்து உள்ள விட்டாங்க. பெத்தணன் வெளிய நின்னு பூட்டுத மாதிரி நெனச்சாரு. கை உள்ள தாப்பாளப் போட்டு சமத்தாப் பூட்டிக்கிட்டு. நிம்மதியாத் தூங்குனாங்க.

காலையில ஏழரை மணி. கட்டஞ்சாயா குடிச்சுக்கிட்டு இருக்கையில உச்சிமகாளி மொகம் வெளுத்துட்டு. "அண்ணாச்சி, ஸ்டோர் ரூமுக்குள்ள ஆளு நடமாட்டம். டக்கு டக்குன்னு காலடிச் சத்தம் கேக்கு."

சூசைக்கு உக்காந்தா காலாட்டுத பழக்கம். அன்னைக்கும் ஒரு சாக்கு மேல உக்காந்து, இல்லாத கால ஆட்டிக்கிட்டு இருந்தான்.

பெத்தணனுக்கு ஆத்திரம். லீவுக்குப் போற அன்னைக்குத்தானா எதிரி வரணும்னு பல்லக் கடிச்சாரு. ஒடனே கொம்பையா பதறுனான். உள்ள ஒருத்தன் முஷ்டிய மடக்கி மெரட்டுதத அவன் கண்ணு பாத்துட்டு.

"என்னையவா மெரட்டுதான்?" பெத்தணனுக்கு இன்னும் ஏறிட்டு.

"இப்பம் ரொம்ப மெரட்டுதான் அண்ணாச்சி. நீங்க கோவப்படக் கோவப்பட அவனும் படுதான்."

நாலு பேரும் ஸ்டோர் ரூமச் சுத்தி வளைச்சாங்க. சூசை ஒத்தக் கால்ல தத்தித் தத்தி வளைச்சான். உள்ளயும் எதிரி தத்துதான்னு உச்சிமகாளி சொன்னான். நம்மள மாதிரியே பயிற்சி எடுத்தவன்னு பெத்தணன் தீர்மானிச்சாரு.

அந்த நேரத்துல கர்னல் மேடம் வந்து எறங்குனாங்க. பெத்தணன் வெவரத்தச் சொன்னாரு. எதிரி எத்தன பேருன்னு மேடம் கேட்டாங்க. தெரிஞ்ச வரைக்கும் ஒரு கை, ஒரு காலு, கூட்டிப் பாத்தா அரை ஆளுன்னு கொம்பையா கணக்குச் சொன்னான். அரை ஆளு உள்ள நொழையுத வரைக்கும் என்னய்யா பாத்துக்கிட்டு இருந்தீங்கன்னு மேடம் திட்டிட்டு, சரணடையச் சொல்லுன்னு உத்தரவு போட்டாங்க.

பெத்தணன் நெஞ்ச நிமித்தி, அடிவயித்துல இருந்து குரல் குடுத்தாரு. "கையத் தூக்குலே."

"தூக்கிட்டான் அண்ணாச்சி," கொம்பையாவுக்குக் கண்ணு கலங்கிட்டு.

கதவத் தொறன்னாரு. கதவு தொறந்துச்சு. இப்படிச் சொன்ன பேச்சுக் கேக்குத எதிரிய மேடம் அவுக சர்வீஸ்லயே பாத்ததில்லையாம். வாசல்ல சாவியோட நின்ன கையப் பெத்தணன் மேலயும் கீழயும் பாத்தாரு. எங்கயோ பழகுன மொகமாத் தெரியுதேன்னாரு.

ஒரு குண்டு செலவழிக்காம பிடிச்சதுக்காக மேடம் அங்கனக்குள்ளயே லீவுச் சீட்டு எழுதிட்டாங்க. கைய வெலங்கு மாட்டிக் கட்டும்போதுதான் நம்பரப் பாத்தாங்க. பெத்தணனோட நம்பரு.

எல்லாரும் வட்டமா உக்காந்து பேசுனாங்க. சரணடஞ்ச கை பெத்தணனோடது, அதனால பெத்தணன் எதிரின்னு கொம்பையா சொன்னான். பிடிச்சது யாரு, அதுவும் பெத்தணன்தான, அதனால வீரன்னு உச்சிமகாளி சொன்னான். மேடம் ரெண்டு பக்கமும் கேட்டுட்டு, வீரனுக்கு லீவு உண்டு, கைதிக்கு லீவு கெடையாதுன்னு முடிவாச் சொல்லிட்டாங்க. ஒரே ஆள்ல ரெண்டு பேரும் இருக்கதால போகவும் கூடாது, இருக்கவும் கூடாது.

பெத்தணன் பொலபொலன்னு அழுதுட்டாரு. கீழ ரோட்டுல பஸ்ஸு ஆரன் அடிக்கான். கைய இங்க செறையில விட்டுட்டு நான் எந்த மொகத்தோட தாய்மாமனாப் போயி உக்காருவேன்னு தேம்புனாரு.

சாக்கு மேல இருந்த சூசை, ஆறு வருசத்துல மொதத் தடவையா வாயத் தொறந்தான்.

"பிள்ள உக்காரப்போறது மடியில. அது இன்னும் சரணடையல அண்ணாச்சி, ஓடுங்க."