ஒரு கரண்டிக்கு மேல் கிடையாது

"ஒண்ணு அவன் இருக்கணும், இல்லே நான் இருக்கணும். இப்பவே சொல்லிடுங்க சாமி."

அம்பலவாணன் கத்திய கத்தலில், விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்த குரு நிமிர்ந்து பார்த்தார்.

மடத்துத் துணியெல்லாம் துவைப்பது இரண்டு சீடர்கள். பழைய ஆள் அம்பலவாணன், சலவைப் பொடி போட்டுத் துவைப்பான். போன மாசம் வந்த ஆவுடையப்பன் பூந்திக்கொட்டையை ஊறவைத்து நுரைத்தண்ணீர் எடுப்பான். துவைத்த தண்ணீர் குளத்துக்குப் போகும், குளத்தில் மீன் உண்டு. அதனால் எதுவானாலும் அண்டாவுக்கு ஒரு கரண்டிதான். அது மடத்துக் கட்டளை.

"அப்படி என்ன செஞ்சிட்டான்?"

"என் பொடித்தண்ணியில அவன் கொட்டைத்தண்ணியை ஊத்திட்டான் சாமி. கேட்டா பல்லைக் காட்டுறான்! கலப்படக்காரனோட எப்படிக் குப்பை கொட்டுறது?"

குரு எழுந்தார். உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து ஒரு காவித்துண்டை எடுத்துவந்தார். அவருடைய குரு உடுத்திய துண்டு அது. வருஷத்துக்கு ஒரு தரம், குருபூசையன்றுதான் வெளியே வரும். மறுநாள் குருபூசை.

துண்டை விரித்தார். எண்ணெய்க் கிண்ணத்தை அதன்மேல் அப்படியே கவிழ்த்தார்.

"ஐயையோ! சாமி!"

அம்பலவாணன் பாய்ந்து துண்டைத் தூக்கினான். அடப்பாவமே, மனுஷனுக்குப் புத்தி பிசகிவிட்டதா என்ன?

"துவைச்சுக் கொண்டா" என்றார் குரு.

ஒரு கரண்டிப் பொடியில் கசக்கு கசக்கென்று கசக்கினான். கை எரிந்ததுதான் மிச்சம், எண்ணெய் அசையவில்லை.

"இன்னொரு கரண்டி போட்டுக்கட்டுமா சாமி?"

"மீன் என்ன பாவம் பண்ணிச்சு?"

ஆவுடையப்பனைக் கூப்பிட்டார். அவன் வேறு தண்ணீரில் தன் ஒரு கரண்டியை ஊற்றித் துவைத்தான். கறை அப்படியே இருந்தது. பல்லைக் காட்டுகிறவன் முகமும் செத்துப்போயிற்று.

"உன்னுது அரைக் கரண்டி. அவனுது அரைக் கரண்டி. ஒரே அண்டா" என்றார் குரு.

வேறு வழியில்லாமல் இருவரும் குனிந்தார்கள். தோளோடு தோள் இடித்தது. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் பால் மாதிரி கலங்கிற்று. துண்டு பளிச்சென்று வெளியே வந்தது.

அம்பலவாணன் துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"எப்படி சாமி? அதே ஒரு கரண்டிதானே?"

"உன் பொடியோட துகளுக்குத் தன் இனத்தைக் கண்டாலே ஆகாது. ஒண்ணையொண்ணு தள்ளிக்கிட்டு நிக்கும். எக்கச்சக்கமா கொட்டினாத்தான் வேண்டாவெறுப்பா ஒண்ணு கூடும். நடுநடுவுல இவன் கொட்டைத்தண்ணி மாதிரி வேறொண்ணு வந்து உக்காந்தா, கொஞ்சத்துலயே கூடிடும். கூடி வட்டம் கட்டினாத்தான் எண்ணெயை உள்ள வச்சு மூட முடியும்."

 அம்பலவாணன் துண்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

"கறை போகாம இருந்திருந்தா? உங்க குருவோட துண்டாச்சே சாமி! போயிருந்தா திரும்பக் கிடைக்குமா?"

"துண்டு போயிருந்தா துண்டுதாண்டா போயிருக்கும்" என்றார் குரு. "உங்கள்ல ஒருத்தனை நான் வெளியே அனுப்பியிருந்தா, என் குருவே போயிருப்பார்."