நாலாவது கம்பளி

"நேர் ரோடா இருந்தா நான் எப்பவோ முடிச்சிருப்பேன், டீச்சர்," என்றார் மருந்துக்கடை அருணகிரி.

எஸ்தர் டீச்சர் பள்ளிக்கூட மைதானத்தில் கோக்கோ ஆடிக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்தபடி நின்றார்.

"இது வட்டம். ஏரியச் சுத்திச் சுத்தி எட்டு தடவ. ஒவ்வொரு தடவயும் என் வீட்டு வாசல் வந்துடுது. வாசல்ல வீட்டுக்காரி நிக்கிறா, கையில காபியோட. மனுஷன் எப்படித் தாண்டிப் போறது?"

அவர் சொன்னதில் பொய் இல்லை.

மலைமேல் இருக்கும் அந்தச் சின்ன ஊரில் தை மாதம் ஒரு மாரத்தான் நடக்கும். புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும் காலம். ஊரில் மேடுபள்ளம் இல்லாத ரோடு ஏரிக்கரை ரோடு ஒன்றுதான். ஆகவே அதையே எட்டுச் சுற்று. தொடங்குவதும் முடிப்பதும் படகுத்துறை வாசலில். படகுத்துறைக்கு நேர் எதிரே அருணகிரியின் வீடு.

அந்த ஓட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. முடியாது என்று நிற்கிறவர் தோளில் ஒரு கம்பளியைப் போர்த்திவிடுவார்கள். போர்த்திக்கொண்டால் ஓட்டம் முடிந்தது என்று அர்த்தம். குளிரில் வியர்வையோடு நின்றால் நடுக்கம் கண்டுவிடும் என்று யாரோ புண்ணியவான் தொடங்கி வைத்தது. தோற்றுப்போனார் என்று அந்த ஊரில் யாரும் சொல்வதில்லை. கம்பளி வாங்கிக்கிட்டார் என்பார்கள். கேட்க மரியாதையாகத்தான் இருக்கும்.

அருணகிரி மூன்று வருடமாக ஓடுகிறார். வீட்டில் மூன்று கம்பளி இருக்கிறது. ஒன்று சோபாவில், ஒன்று நாய்க்கு, இன்னொன்றை அவர் மனைவி கோமளம் இஸ்திரி போட விரித்துக்கொள்கிறாள். மூன்றும் ஐந்தாவது சுற்று முடிவில் வாங்கியவை.

"மருந்துக்கடைக்காரர் ஓடறதே கம்பளிக்குத்தான்னு கடைக்கு வர்றவன் சொல்லிட்டுப் போறான், டீச்சர். இருமல் மருந்து வாங்க வந்தவன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அவருக்கு வலித்தது.

தொட்டதை முடித்ததாக அருணகிரிக்குச் சரித்திரம் கிடையாது. மிருதங்கம் பாதியில் நின்றது. மாடி கட்டுகிறேன் என்று தொடங்கியதற்குச் சாட்சியாக இன்றைக்கும் மொட்டைமாடியில் துருப்பிடித்த கம்பிகள் வானத்தைப் பார்த்து நிற்கின்றன. கோமளம் அவற்றில் கொடி கட்டித் துணி காயப்போடுகிறாள். ஐம்பத்தாறு வயதில் ஒன்றையாவது முழுசாகச் செய்துவிட்டுப் போக வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்திருந்தது. இந்த வருடமும் முடியாவிட்டால் ஷூவைத் தூக்கிப் பரணில் போட்டுவிடுவதாக கோமளத்திடம் சொல்லியிருந்தார். பரணுக்குப் போன எதுவும் அந்த வீட்டில் திரும்பி இறங்கியதில்லை.

எஸ்தர் டீச்சர் அவரைவிட இருபது வயது இளையவர். வேகமாக ஓடுகிறவர் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு வருடமும் கம்பளி வாங்காதவர். நிக்காத டீச்சர் என்று ஊர் பேர் வைத்திருந்தது.

"அதனால உங்ககிட்ட வந்தேன்," என்றார் அருணகிரி. "நிக்காம ஓடறது எப்படின்னு கத்துக்குடுங்க."

டீச்சர் விசில் ஊதினார். பெண்கள் உட்கார்ந்தார்கள்.

"வீட்ல சோபா இருக்காண்ணே?"

"இருக்கு."

"நல்ல சோபாவா?"

"உக்காந்தா எந்திரிக்கத் தோணாது."

"அதான் வேணும். நாளைக்குக் காலைல வர்றேன்."

மறுநாள் விடிந்தும் விடியாமலும் இருவரும் ஏரியை ஒரு சுற்று ஓடினார்கள். வாயிலிருந்து புகை புகையாக மூச்சு வந்தது. வீட்டு வாசல் வந்ததும் டீச்சர் கேட்டைத் திறந்து உள்ளே போனார்.

"உக்காருங்கண்ணே."

அருணகிரி உட்கார்ந்தார்.

"அப்படி இல்ல. எப்பவும் உக்கார்ற மாதிரி."

அருணகிரி சாய்ந்தார். காலை நீட்டினார். டீச்சர் சோபாவில் கிடந்த கம்பளியை எடுத்து அவர் மடிமேல் போட்டார். கோமளம் காபி கொண்டுவந்தாள். ஆவி பறந்தது. நாய் வந்து காலடியில் படுத்துக்கொண்டது. உலகத்தில் இதற்கு மேல் ஒரு சுகம் இல்லை என்று அருணகிரி மனதாரச் சொன்னார்.

அவர் கடைசி வாய் குடித்து முடித்ததும் டீச்சர் அந்த டம்ளரை வாங்கினார். டீப்பாய்மேல் கவிழ்த்து வைத்தார். எழுந்து வெளியே போனார்.

அருணகிரிக்குச் சற்று நேரம் ஒன்றும் புரியவில்லை.

"ஏங்க, அவங்க ஓட ஆரம்பிச்சுட்டாங்க," என்றாள் கோமளம் ஜன்னலிலிருந்து.

கம்பளியைத் தள்ளி, நாயைத் தாண்டி, உறைந்த முழங்காலை ஒரு வழியாக நீட்டி, அருணகிரி வெளியே வந்தார். வெளியே குளிர் முன்னைவிட இரண்டு மடங்காக இருந்தது. அந்த இரண்டாவது சுற்றில் தனக்குத் தெரிந்த சாமி பேர் அத்தனையும் சொல்லிவிட்டார்.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். ஒரு சுற்று, சோபா, கம்பளி, காபி, கவிழ்த்த டம்ளர், இன்னொரு சுற்று. சில நாள் இரண்டாவது காபியும் மூன்றாவது சுற்றும் உண்டு. காபிப்பொடி இந்த வேகத்தில் தீர்ந்தால் கட்டுப்படியாகாது என்று கோமளம் முணுமுணுத்தாள். சோபா முழுக்க வியர்வை நாற்றம் என்று ஊதுபத்தி ஏற்றி வைத்தாள்.

மார்கழி முடியும்போது அருணகிரிக்குப் பொறுமை போய்விட்டது.

"நிக்காம ஓடக் கத்துக்குடுங்கன்னு கேட்டேன், டீச்சர். நீங்க தினம் உக்கார வைக்கிறீங்க."

டீச்சர் காபியை ஆற்றினார்.

"உக்கார்றது எனக்கே தெரியும். என் அப்பாவுக்கும் தெரியும். எங்க குடும்பத்துல உக்காந்தவன் எந்திரிச்சதே இல்ல."

டீச்சர் டம்ளரைக் கவிழ்த்தார்.

போட்டி அன்று உறைபனி கொட்டிக் கிடந்தது. ஏரிமேல் பனிப்புகை. குரங்குக் குல்லாயும் மப்ளருமாக ஊரே படகுத்துறையில் கூடியிருந்தது. ஓடுகிறவர்களைவிடப் பார்க்கிறவர்கள் அதிகம். கம்பளிக்குப் பொறுப்பு கோமளத்தின் தம்பி சௌந்தர். மேஜைமேல் அடுக்கி வைத்திருந்தான்.

"மச்சான், உங்களுக்கு இந்தத் தடவ நீலம் எடுத்து வெச்சிருக்கேன்," என்றான். "பச்சை மூணு ஆயிடுச்சில்ல."

அவன் கேலியாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே நல்லதாகப் பார்த்து எடுத்து வைத்திருந்தான். அதுதான் அருணகிரியை இன்னும் சுட்டது.

முதல் சுற்று பேச்சும் சிரிப்புமாகப் போயிற்று. அடுத்ததில் மப்ளரைக் கழற்றினார். மூன்றாவதில் வெயில் வந்தது. நான்காவதில் பேச்சு நின்றது. எஸ்தர் டீச்சர் எங்கேயோ முன்னால் போய்விட்டார். வட்டத்தில் ஓடும்போது யார் முன்னால் யார் பின்னால் என்று ஒரு கட்டத்துக்கு மேல் யாருக்கும் தெரிவதில்லை.

ஐந்தாவது சுற்று முடிவில் வீடு வந்தது.

தாண்டிவிடலாம் என்றுதான் நினைத்தார். கால் நினைக்கவில்லை. கேட்டருகே கோமளம் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் அருணகிரி உட்கார்ந்துவிட்டார்.

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு. பாவம், நல்ல மனுஷன் என்று யாரோ சொன்னார்கள்.

கோமளம் காபியை நீட்டினாள். அருணகிரி குடித்தார். அழுகை வரும்போல் இருந்தது. தொடை இரண்டும் தன்பாட்டுக்குத் துடித்தன. மொட்டைமாடிக் கம்பிகள் தலைக்கு மேலே தெரிந்தன. மிச்சக் காபியை மெல்ல மெல்லக் குடித்தார். குடித்து முடித்தால் ஏதாவது முடிவு செய்ய வேண்டியிருக்குமே என்று பயம்.

சௌந்தர் நீலக் கம்பளியை விரித்துக்கொண்டு வந்தான்.

"போதும் மச்சான். அஞ்சு சுத்து யாரு ஓடறா? உடம்பு முக்கியம்."

காபி தீர்ந்தது. காலி டம்ளர் கையிலேயே இருந்தது. அதை என்ன செய்வதென்று கைக்குத் தெரியவில்லை. தினமும் அதை வாங்குகிறவர் இப்போது ஏரிக்கு அந்தப் பக்கம் எங்கோ இருந்தார்.

கம்பளி தோளுக்கு வந்துவிட்டது.

கோமளம் அவர் கையிலிருந்து டம்ளரைப் பிடுங்கினாள். கேட் தூணின்மேல் கவிழ்த்து வைத்தாள்.

"சௌந்தர், அத அப்படியே மடிச்சு வை," என்றாள். "நாலாவது கம்பளிக்கு இந்த வீட்ல எடமில்ல."

அருணகிரியின் முழங்காலுக்கு அந்தச் சத்தம் தெரிந்திருந்தது. எவர்சில்வர் டம்ளர் கவிழ்ந்து உட்காரும் சத்தம். அது கேட்டதும் அவர் எழுந்தார். எழுந்த பிறகுதான் எழுந்திருப்பது அவருக்கே தெரிந்தது.

ரோட்டில் குளிர் இரண்டு மடங்காகத்தான் இருந்தது. ஆனால் அது பழகிய குளிர்.

ஆறாவது சுற்று முடித்து வந்து மறுபடி உட்கார்ந்தார். சௌந்தர் கம்பளியைத் தொட்டான், அக்காவின் முகத்தைப் பார்த்தான், கையை எடுத்துக்கொண்டான். டம்ளர் கவிழ்ந்தது. ஏழாவதிலும் உட்கார்ந்தார். அதற்குள் ஊருக்கு விளையாட்டுப் புரிந்துவிட்டது. கோமளம் டம்ளரைக் கவிழ்த்ததும் கை தட்டினார்கள். பக்கத்து வீட்டார் வந்து பஜ்ஜி வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்று சொல்ல மனம் வராமல் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு அருணகிரி எட்டாவது சுற்றுக்குக் கிளம்பினார்.

எட்டாவது சுற்று அவருக்குப் புது ஊர்.

அதே ரோடுதான். ஆனால் இந்த நேரத்தில், இந்தக் காலோடு, இதற்கு முன் அவர் இங்கே வந்ததில்லை. ஓடுகிறவர்கள் பெரும்பாலும் முடித்துவிட்டிருந்தார்கள். ரோடு காலியாக இருந்தது. பனிப்புகை விலகி ஏரி பளபளவென்று கிடந்தது. அருணகிரிக்குக் காரணமில்லாமல் சந்தோஷமாக இருந்தது. ஓட்டம் என்று அதைச் சொல்ல முடியாது. நடையைவிடக் கொஞ்சம் அவசரம், அவ்வளவுதான்.

எதிர்க்கரை வளைவில் ஒரு மதகு உண்டு. அதன் கைப்பிடிச் சுவரில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

எஸ்தர் டீச்சர்.

ஷூவைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தார். காலை ஆட்டிக்கொண்டு கடலை மிட்டாய் தின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு பிளாஸ்க்.

அருணகிரி நின்றுவிட்டார்.

"என்னாச்சு டீச்சர்? சுளுக்கா?"

"இல்லண்ணே. உக்காந்திருக்கேன்."

"முடிச்சிட்டீங்களா?"

"இது எனக்குக் கடைசிச் சுத்து."

அருணகிரி பிளாஸ்கைப் பார்த்தார்.

"இதத் தூக்கிக்கிட்டா ஓடினீங்க?"

"காலைலயே கொண்டாந்து புதர்ல ஒளிச்சு வெச்சிட்டேன்."

"இன்னிக்கு மட்டுமா?"

"வருஷா வருஷம்."

அருணகிரி கணக்குப் போட்டுப் பார்த்தார். மூன்று வருடமும் இந்த நேரத்தில் அவர் பச்சைக் கம்பளிக்குள் இருந்திருக்கிறார்.

"நீங்க நிக்கவே மாட்டீங்கன்னு ஊரே சொல்லுதே, டீச்சர்."

எஸ்தர் டீச்சர் ஒரு துண்டு கடலை மிட்டாயை உடைத்து அவரிடம் நீட்டினார்.

"ஊரு அந்தக் கரையிலதானே நிக்குது."

அருணகிரிக்குச் சிரிப்பு வந்தது. முதலில் சத்தமில்லாமல், பிறகு வயிறு வலிக்கிற அளவுக்கு. சிரித்து ஓய்ந்து டீச்சர் பக்கத்தில் சுவரில் உட்கார்ந்தார். டீச்சர் பிளாஸ்க் மூடியில் காபி ஊற்றிக் கொடுத்தார். கோமளத்தின் காபி அளவுக்கு இல்லை, குடிக்கலாம்.

தண்ணீருக்கு அந்தப் பக்கம் படகுத்துறை தெரிந்தது. கூட்டம் எறும்பு மாதிரி. மொட்டைமாடிக் கம்பியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. வந்த வழியே திரும்பினாலும் வீட்டுக்கு அதே தூரம்தான்.

வெயில் முதுகில் இதமாக விழுந்தது. எஸ்தர் டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். எழுந்திருக்கிற உத்தேசம் இருப்பதாகத் தெரியவில்லை.

"இந்த எடம் ரொம்ப சுகம்ண்ணே," என்றார். "வருஷா வருஷம் இங்கதான் எனக்குக் கஷ்டம்."

அருணகிரி கடைசி வாயைக் குடித்தார்.

மூடியைச் சுவர்மேல் கவிழ்த்து வைத்தார்.

டீச்சர் கண்ணைத் திறந்தபோது அவர் வளைவைத் தாண்டிக்கொண்டிருந்தார்.