ஒரு லிட்டர் ஷியா வெண்ணெய்

"அம்மா, இந்த ஷியா வெண்ணெய் கலப்படம். அனுப்பினவருக்கே திருப்பி அனுப்பிடலாம்" என்றார் சபாநாயகம்.

குற்றால மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஆசிரமம். அங்கே வருகிறவர்களுக்கு மந்திரம் எதுவும் கிடையாது. ஷியா என்ற ஆப்பிரிக்கக் கொட்டையின் கொழுப்பில் சோப்பு செய்யச் சொல்வார்கள்.

சபாநாயகம் முப்பத்திரண்டு வருஷம் கல்லூரியில் இயற்பியல் நடத்திவிட்டு, மனசு அடங்க வேண்டும் என்று வந்தவர். குரு பொன்னரசி அவரைவிட இருபது வயது இளையவர். அது ஒன்றுதான் அவருக்குக் கொஞ்சம் உறுத்தல்.

பொன்னரசி சோப்புப் பாளத்தைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தார்.

"கலப்படம்னு எப்படித் தெரிஞ்சுது சார்?"

"சமையற்கட்டுல வேலை பாக்கிற பேச்சியம்மா கை வெந்துபோச்சு. நான் செஞ்ச சோப்புலதான் பாத்திரம் கழுவினாங்க. என் கணக்கு சரியாத்தான் இருக்கு."

"வெண்ணெய் எவ்வளவு போட்டீங்க?"

"ஒரு கிலோ. ஒரு கிலோவுக்கு உண்டான காஸ்டிக் சோடா."

"வெண்ணெயை எதுல அளந்தீங்க?"

"லிட்டர் குவளையில."

பொன்னரசி கத்தியை வைத்தார். அதே குவளையில் ஷியா வெண்ணெயை விளிம்புவரை அமுக்கி நிரப்பினார். அதைத் தராசில் வைத்து, தராசைச் சபாநாயகம் பக்கம் நகர்த்தினார்.

வெறுங்குவளையின் எடையை அவரே கழித்துப் பார்த்தார்.

தொள்ளாயிரத்துப் பத்து கிராம்.

தொண்ணூறு கிராம் குறைகிறது. தின்பதற்கு வெண்ணெய் கிடைக்காத காஸ்டிக் சோடா, பேச்சியம்மாளின் கையைத் தின்றிருக்கிறது.

அவருக்குக் காதுவரை சூடேறியது. ஒரு லிட்டர் தண்ணீர்தான் ஒரு கிலோ, எண்ணெய் அப்படியல்ல என்று தெரியாத மாணவர்களை வகுப்பைவிட்டு வெளியே அனுப்பியவர் அவர். எத்தனை பேரை அனுப்பியிருப்பார்!

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்கம்மா."

தப்புக்கு வெட்கப்பட்டார். இப்படிக் கேட்டதற்கு அதைவிட வெட்கப்பட்டார்.

பொன்னரசி மறுபடி கத்தியை எடுத்துக்கொண்டார்.

மறுநாள் சபாநாயகம் ஓர் அட்டையோடு வந்தார். முத்து முத்தான கையெழுத்து.

'ஷியா வெண்ணெய். ஒரு லிட்டரின் எடை 910 கிராம். ஒரு கிலோ வேண்டுமென்றால் ஏறக்குறைய 1,100 மில்லி. குவளையை நம்ப வேண்டாம், எடை போடவும்.'

"சோப்புக் கூடத்துல மாட்டிடலாம்மா."

பொன்னரசி இரண்டு முறை படித்தார்.

"நல்லா எழுதியிருக்கீங்க. யாருக்கு?"

"இனிமே வர்றவங்களுக்கு."

"வெந்தவங்களுக்கு?"

சபாநாயகம் அட்டையின் ஓரத்தை நகத்தால் கீறிக்கொண்டு நின்றார்.

"அவங்க வந்து கையைக் காட்டினப்போ என்ன சொன்னீங்க?"



"சோப்புல ஒண்ணும் இல்ல, ஏதாவது தோல் வியாதியா இருக்கும்னு சொன்னேன்."

"எப்போ?"

"ஆறு நாள் ஆச்சு."

பொன்னரசி அட்டையை அவரிடமே திருப்பிக் கொடுத்தார்.

சபாநாயகம் சமையற்கட்டின் பின்பக்கம் போனார். மத்தியானச் சாப்பாட்டு நேரம். எல்லோரும் உள்ளே பந்தியில் இருந்தார்கள்.

பேச்சியம்மாள் மட்டும் வெளியே மரத்தடியில் இருந்தார். இரண்டு கையிலும் துணி சுற்றியிருந்தது. தனித் தட்டு, தனி டம்ளர். கரண்டியால் அள்ளிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பத்தடி தள்ளி அவருடைய பேத்தி, நடக்கப் பழகாத குழந்தை, தூக்கச் சொல்லிக் கையை நீட்டி அழுதது. பேச்சியம்மாள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார், தூக்கவில்லை.

"பேச்சியம்மா" என்று சபாநாயகம் அருகில் போனார்.

பேச்சியம்மாள் பதறி எழுந்து, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

"கிட்ட வராதீய சார். ஒட்டிக்கிடும்."