கையை ஓங்கவிடாத ஆபரேஷன்

கதையைச் சொல்லிவிட்டுக் கடைசியில் ஒன்று கேட்பேன். அப்போது மழுப்பக் கூடாது, இப்போதே சொல்லிவிட்டேன்.

விருதுநகரில் அழகுபாண்டி என்று ஒரு சுமைதூக்கும் தொழிலாளி. மல்லி மூட்டையும் மிளகாய் மூட்டையுமாக இருபத்திரண்டு வருஷம் முதுகில் ஏற்றியவன். கோபம் வந்தால் கை முந்திக்கொள்ளும், கோபம் வராத நாளே கிடையாது. லாரியில் முதல் மூட்டையை யார் ஏற்றுவது என்ற சண்டையில், கூட வேலை பார்த்த சங்கையாவின் தாடையைப் பெயர்த்தான். வீட்டில் அடி வாங்கியவள் அவன் மனைவி பேச்சித்தாய். அவளுடைய இடது முழங்கை இன்றைக்கும் நேராக நீளாது. குழம்பில் உப்புக் கூடிவிட்டதாம், அதற்காக முறித்தான் பாவி.

அப்பேர்ப்பட்டவனின் இடுப்பு ஒருநாள் படுத்துவிட்டது. கீழ் முதுகில் எலும்புக் கணுக்களுக்கு நடுவே இருக்கும் ஜவ்வு தேய்ந்து, ஒரு எலும்பு முன்னால் நழுவி, காலுக்குப் போகும் நரம்பை நெரித்துக்கொண்டிருந்தது. ஆறு மாதம் கட்டிலோடு கிடந்தான். எட்டினால்தானே அடிப்பான்? அந்த ஆறு மாதமும் பேச்சித்தாய் வயிறாரச் சாப்பிட்டாள், பயமில்லாமல் படுத்தாள்.

ஆபரேஷன் செய்யாவிட்டால் இரண்டு காலும் விழுந்துவிடும், சிறுநீரும் கட்டுக்குள் நிற்காது என்றார் டாக்டர் செலின். சம்மதப் படிவத்தில் அழகுபாண்டி கையெழுத்துப் போட்டுவிட்டான். உறவினர் கையெழுத்துக்குப் பேனாவை நீட்டியபோது பேச்சித்தாய் வாங்கவில்லை. டாக்டரைத் தனியே கூப்பிட்டாள்.

"அவரு எந்திரிச்சு நடக்கட்டும்மா, வேண்டாங்கலை. ஆனா கையை மட்டும் ஓங்கக் கூடாது. அப்படி ஒரு ஆபரேஷன் இருக்கா?"

டாக்டர் அவளுடைய கோணல் முழங்கையைப் பார்த்தார். அப்படி ஓர் ஆபரேஷன் எந்த ஊரிலும் கிடையாது. ஆனாலும், தான் பார்த்துக்கொள்வதாக வாக்குக் கொடுத்தார். அவளும் கையெழுத்துப் போட்டாள்.

நரம்பை நெரித்த எலும்பைச் செதுக்கி எடுத்து, நழுவிய கணுவை ஸ்க்ரூவும் கம்பியும் வைத்து முடுக்கினார் டாக்டர். மூன்றாம் நாள் எழுந்து நின்றவனிடம் துணிந்து ஒரு பொய்யும் சொன்னார். இனி ஆயுசுக்கும் யார்மேலும் கை ஓங்கக் கூடாது, ஓங்கினால் ஸ்க்ரூ பிடுங்கிக்கொள்ளும், இரண்டு காலும் போய்விடும் என்றார். முதல் சில மாதங்களுக்குத்தான் அது எச்சரிக்கை. எலும்பு ஒட்டிய பிறகு வெறும் பூச்சாண்டி. இது டாக்டருக்கும் பேச்சித்தாய்க்கும் மட்டும்தான் தெரியும்.

பூச்சாண்டி பலித்தது. மூட்டைகளை அடுக்கி வைக்கும் கிட்டங்கியில் காவல் வேலைக்குப் போனான். வாய் நிறைய வைதான், கை மட்டும் எழவில்லை. முழுசாக ஒன்றரை வருஷம் அவள் உடம்பில் புதுக் காயம் இல்லை.

ஒரு மத்தியானம் அவள் கிட்டங்கிக்குச் சோறு கொண்டுபோயிருந்தபோது, தாடை பெயர்ந்த பழைய கணக்கைத் தீர்க்கச் சங்கையா குடித்துவிட்டு வந்தான். கையில் மூட்டை தூக்கும் இரும்புக் கொக்கி. முதல் குத்து தோளில் இறங்கியது. அழகுபாண்டி திருப்பி அடிக்கவில்லை. இரண்டு கையாலும் இடுப்பைக் கட்டிக்கொண்டு சுருண்டு விழுந்தான். அடுத்தது முதுகில், அதற்கடுத்தது கன்னத்தைக் கிழித்தது. பக்கத்தில் நின்ற சுமைகாரர்கள் ஒருவரும் நகரவில்லை, அத்தனை பேரும் அவனிடம் அடி வாங்கியவர்கள். சங்கையா கழுத்துக்குக் குறிவைத்துக் கொக்கியை உயர்த்தினான்.

சும்மா நின்றால் பேச்சித்தாய்க்கு ஆயுசுக்கும் விடுதலை. வாயைத் திறந்தால் பழைய அடி. அவள் திறந்தாள்.

"டாக்டர் சொன்னது பொய்யிங்க. இடுப்பு நல்லாத்தான் இருக்கு. எந்திரிச்சு அடிங்க."

அழகுபாண்டி எழுந்தான். சங்கையாவின் மணிக்கட்டை முறித்தான், தலையைப் பிடித்துச் சுவரில் மோதினான், அவன் அசையாமல் கிடந்த பிறகும் மிதித்தான். பிறகு மனைவி பக்கம் திரும்பி, எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்டான். முதல் நாளிலிருந்தே என்றாள். அதே ரத்தக் கையால் ஓங்கி விட்ட அறையில் அவள் காது கிழிந்தது.

மூவரையும் ஒரே ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கி வந்தார்கள். உனக்காகத்தானே பொய் சொன்னேன், ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டிருக்கக் கூடாதா என்று டாக்டர் செலின் பேச்சித்தாயிடம் கோபப்பட்டார். ஒன்றரை வருஷம் புருஷனை ஏமாற்றியவளுக்கு ஓர் அறை பெரிதா என்றான், பக்கத்துக் கட்டிலில் இருந்த அழகுபாண்டி. பேச்சித்தாய் டாக்டரிடம் மட்டும் சொன்னாள்.

"சாகட்டும்னு பாத்துக்கிட்டு நிக்க முடியலைம்மா."

இப்போது சொல்லுங்கள். பொய் சொன்ன டாக்டரா, அதைப் போட்டு உடைத்த பேச்சித்தாயா, ஏமாந்தேன் என்று அடித்த அழகுபாண்டியா, இதில் யார் செய்தது சரி?

விடை: அழகுபாண்டியை முதலில் வெளியே அனுப்புங்கள். ஏமாறுவதற்கு முன்னாலும் அவன் அடித்துக்கொண்டுதான் இருந்தான். டாக்டரின் இரக்கம் நிஜம், ஆனால் முறிந்த கையைக் கண்ணால் பார்த்தும் போலீசுக்குத் தகவல் சொல்ல அவளுக்கு வழிகாட்டாமல், அவள் உயிரை அவன் பயத்தில் அடகு வைத்தார். தன்னைக் காப்பாற்றிய ஒரே பொய்யை இன்னோர் உயிருக்காக விட்டுக்கொடுத்த பேச்சித்தாய் செய்ததுதான் சரி. அவன் அதற்கு லாயக்கா என்பது வேறு வழக்கு. அன்று காதில் தையல் போட்டு முடித்த நர்ஸ், முன்பெல்லாம் அடிபட்டு வரும்போது அவள் சொல்வதுபோலக் குழாயடியில் வழுக்கி விழுந்த காயம் என்று எழுதப் போனார். பேச்சித்தாய் அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். "விழலைம்மா. என் புருஷன் அடிச்சான். அப்படியே எழுதுங்க" என்றாள்.