பதினோரு விளமீனும் ஒரு நீலக்கட்ட லுங்கியும்

குருவுக்கு வயசு முப்பத்தஞ்சு. சிஷ்யனுக்கு அம்பத்திரண்டு. நான் மாத்திச் சொல்லல, அப்படித்தான்.

குரு பேரு எமல்டா. சின்னதா ஒரு வள்ளம் வச்சிருக்கு. அண்ணன் மஸ்கட்டுக்குப் போனதும் வள்ளத்துல ஒரு ஆளு எடம் காலியாச்சு. சிஷ்யன் பேரு வியாகுலம். இருவது வருஷம் விசைப்படகுல டிரைவரா இருந்தவரு. முதலாளி அந்தப் படகை வித்துட்டாரு. வியாகுலம் நேரா எமல்டாகிட்ட வந்து நின்னாரு.

"தங்கச்சி, எனக்குக் கடல்ல தெரியாத வேலையே இல்ல."

"சரிண்ணே. மீன் ஆயத் தெரியுமா?"

"அதெல்லாம் பொம்பளைங்க..."ன்னு ஆரம்பிச்சவரு, எமல்டா மூஞ்சியைப் பாத்தாரு. "...தெரியாது"ன்னு முடிச்சாரு.

"அப்ப ஏறுங்க."

அன்னையிலேர்ந்து எமல்டாவை அவரு 'குருவே'ன்னுதான் கூப்பிடுவாரு. கிண்டலுக்கு ஆரம்பிச்சது. வாய் பழகிப்போச்சு.

வெள்ளிக்கிழமையானா மடத்து சிஸ்டர்மாருக்கு மீன் போகணும். வள்ளத்துலயே ஆஞ்சு, கழுவி, பெட்டியில அடுக்கிக் குடுக்கணும். பெரிய சிஸ்டர் மூக்காலயே பேசுவாங்க. "ஒரு செதில்கூட இருக்கக் கூடாதும்மா. ஒண்ணே ஒண்ணுகூட."

விசைப்படகுல மீனை ஐஸ்ல கொட்டுவாங்க, ஹோஸ் பைப்பைப் பிடிச்சுத் தளத்தை அடிப்பாங்க, முடிஞ்சுது. வள்ளம் அப்படி இல்ல. செதில் பறந்தா வலையில ஒட்டும். டீயில மெதக்கும். பலகை வழுக்கும். பலகை வழுக்குனா ஆளு கடல்ல.

வியாகுலம் மீன் ஆஞ்சா வள்ளமே மீன் மாதிரி ஆயிடும். ஒரு ஞாயித்துக்கெழம கோயில் பூசையில நன்மை அப்பம் வாங்க நாக்கை நீட்டுனாரு. நாக்கு நுனியில வட்டமா, வெள்ளையா, ஒரு செதில்.

சாமியார் குனிஞ்சு பாத்தாரு.

"வியாகுலம், நீ ஏற்கெனவே வாங்கிட்டியாப்பா?"

இதுவரைக்கும் எல்லாரும் சிரிச்சாங்க. இனிமே உள்ளதுல வியாகுலம் சிரிக்கல.

அந்தக் கடல்ல ஒரு வழக்கம். ரெண்டு பேரு வலை பின்னிக்கிச்சுன்னா பொறுமையா பிரிக்கணும். பிரியவே இல்லன்னா அறுத்துக்கலாம், தப்பில்ல. ஆனா அறுத்த எடத்துல, உடுத்தியிருக்கிற துணியில ஒரு துண்டு கிழிச்சுக் கட்டிட்டு வரணும். 'நான்தான் அறுத்தேன், கரைக்கு வந்து பேசு'ன்னு அர்த்தம். யாரு லுங்கி எந்தக் கட்டம்னு ஊருக்கே தெரியும். துணி கட்டாம விட்டா அதுக்குப் பேரு ஊமை அறுப்பு. அதைவிடக் கேவலம் அங்க வேற இல்ல.

செவ்வாக்கெழம எமல்டாவுக்குக் காய்ச்சல். வியாகுலம் தனியாப் போனாரு. வலை போயி அமலதாசு வலையோட பின்னிக்கிச்சு. ஒரு மணி நேரம் பிரிச்சுப் பாத்தாரு. அப்புறம் அறுத்தாரு.

சுத்திப் பாத்தாரு. ஒரு ஆளு இல்ல. குனிஞ்சு லுங்கியைப் பாத்தாரு. நீலக் கட்டம். மக எடுத்துக் குடுத்தது. அன்னைக்குத்தான் மொதமொதலா கட்டியிருக்காரு.

கிழிக்கல.

மறுநாள் அமலதாசு வலையை இழுத்தாரு. அறுந்த முனையைப் பாத்தாரு. கரையில வலைக்கொட்டாய் தூண்ல அதைக் கொண்டாந்து தொங்கவிட்டாரு, எல்லாரும் பாக்கட்டும்னு. செவ்வாக்கெழம அந்தப் பக்கம் சந்தியாகு வள்ளம் போனதை ரெண்டு பேரு பாத்திருக்காங்க. சந்தியாகுவுக்கும் அமலதாசுக்கும் தேர் இழுத்ததுல பழைய சண்டை வேற. போதாதா?

"நான் அறுக்கல"ன்னான் சந்தியாகு.

வெள்ளிக்கிழம சாயங்காலம் கூட்டம்னு முடிவாச்சு. அவன் ஒத்துக்கலன்னா மூணு மாசம் கடல்ல எறங்கக் கூடாது. அவன் பொண்டாட்டிக்கு எட்டாம் மாசம்.

புதன்கிழம எமல்டா காய்ச்சல் விட்டு வந்து வள்ளத்துல கெடந்த கத்தியை எடுத்துச்சு. பிடியிடுக்குல ஆரஞ்சு நைலான் இழை ஒண்ணு. அந்த ஊருல ஆரஞ்சு வலை அமலதாசுகிட்ட மட்டும்தான். இழையை உருவி சட்டைப் பையில போட்டுக்கிச்சு. ஒண்ணும் கேக்கல.

வெள்ளிக்கிழம வந்துச்சு.

அன்னைக்குக் காலையில கடல் மூச்சே விடல. வானம் எங்க முடியுது, தண்ணி எங்க ஆரம்பிக்குதுன்னு நடுவுல ஒரு கோடுகூட இல்ல. வள்ளம் எதுமேலயும் படாம தொங்குது, தூளி மாதிரி. வள்ளத்துக்கு அடியில ஒரு மேகம் போச்சு. வியாகுலம் காலைத் தூக்கிக்கிட்டாரு.

பலகையில பதினோரு விளமீன்.

"இன்னைக்கு நீங்க ஆயுங்கண்ணே."

வியாகுலம் மீனை எடுத்தாரு. கைக்குழந்தை ஒண்ணுக்குப் போறப்ப தள்ளித் தூக்கிப் பிடிப்போமே, அப்படிப் பிடிச்சாரு. வாலுலேர்ந்து தலைப்பக்கமா, வெளிய பாத்துத் தேச்சாரு. செதில் பறந்துச்சு. வலைமேல, மோட்டார்மேல, தூக்குவாளிமேல. மூணு மீன் முடியறப்ப வள்ளமே கல்யாண வீடு மாதிரி ஆயிருச்சு.

மேல ஒரு கடல் காக்கா கத்துச்சு. "கியாக்... கியாக் கியாக்."

"உன்னை யாரு கேட்டா?"ன்னாரு வியாகுலம்.

எமல்டா வாளியில தண்ணி மொண்டு பலகையைக் கழுவி விட்டுச்சு. மோட்டாரைத் தொடச்சுச்சு. வலையில ஒட்டுனதை ஒவ்வொண்ணா எடுத்துச்சு. ரொம்ப நேரம் ஆச்சு.

"குருவே."

"ம்."

"அசிங்கம் ஆகாம இதை எப்படிம்மா பண்றது?"

"கத்தியைக் குடுங்க. ஏழு நான் பாத்துக்கிறேன். கடைசி ஒண்ணு உங்களுக்கு."

எமல்டா சாக்கை நனைச்சுக் காலுக்கடியில விரிச்சுச்சு. வியாகுலத்துக்கு முதுகைக் காட்டி, கடலைப் பாத்து உக்காந்துச்சு. சர்ரு, சர்ருன்னு சத்தம் மட்டும் வந்துச்சு. பறக்குற மாதிரி எதுவும் தெரியல.

வியாகுலம் அந்த முதுகையே பாத்துக்கிட்டிருந்தாரு. முதுகுகிட்ட பேசுறது கொஞ்சம் சுளுவு.

"குருவே, எனக்குத் தெரிஞ்ச ஒருத்தன்."

"ம்."

"நம்ம ஊரு இல்ல. வேற ஊரு."

"ம்."

"ரொம்ப தூரம்."

"அமெரிக்காவாண்ணே?"

"...அவ்வளவு தூரம் இல்ல."

சர்ரு. சர்ரு.

"அவன் ஒண்ணு பண்ணிட்டான். பழி இன்னொருத்தன் மேல விழுந்துருச்சு. இப்ப அதை எடுத்துவிடணும். அந்த இன்னொருத்தனுக்கும் ஒண்ணும் ஆகக் கூடாது, இவனுக்கும் ஒண்ணும் ஆகக் கூடாது. ஊருலயும் சத்தம் வரக் கூடாது. சுத்தமா முடியணும்."

"ம்."

"ஓங்கில் மீன் வந்து கடிச்சிருச்சுன்னு சொன்னா?"

சத்தம் நின்னுச்சு.

"எதைக் கடிச்சிருச்சு?"

"வலையை."

"ஓ. அந்த ஊருலயும் வலைதானா?"

"...வலைன்னுதான் கேள்விப்பட்டேன்."

"ஓங்கில் கடிச்சா பிசிறு பிசிறா இருக்கும்ணே. அந்த ஊருல கத்தி வச்ச மாதிரி நேரா அறுந்திருக்காமே."

"அந்த ஊருக் கதை உனக்கு எப்படித் தெரியும்?"

"அவ்வளவு தூரம் இல்லன்னு இப்பத்தானே சொன்னீங்க."

மறுபடி சர்ரு. தூரத்துல ஒரு வள்ளம் தலைகீழா ஒண்ணும் நேரா ஒண்ணுமா போச்சு. எது நெசம், எது நெழல்னு கண்ணுக்குப் பிடிபடல. தூக்கத்துல நடக்குற மாதிரி இருந்துச்சு அவருக்கு. மூணு நாளா தூக்கமே இல்லாத ஆளு.

"முடிஞ்சுதுண்ணே."

ஏழு மீனும் பெட்டியில படுத்திருக்கு, குளிச்சிட்டு வந்த பிள்ளைங்க மாதிரி. வியாகுலம் பலகையைப் பாத்தாரு. மோட்டாரைப் பாத்தாரு. வலையைத் தூக்கிப் பாத்தாரு. மண்டி போட்டு மூலையெல்லாம் தடவிப் பாத்தாரு.

"ஒண்ணுகூட இல்லியே! குருவே, அம்புட்டுச் செதிலும் எங்கதான் போச்சு?"

அப்பத்தான் சூரியன் மேல வந்துச்சு. எமல்டா எந்திரிச்சுத் திரும்புச்சு.

மின்னுச்சு.

நெத்தியில செதில். கன்னத்துல செதில். அண்ணனோட பழைய சட்டை, கழுத்துலேர்ந்து வயிறு வரைக்கும், மாதா தேருக்குச் சமிக்கி வச்ச மாதிரி. மடியில ரத்தம். ஏழு மீனோட செதிலும் அது மேலதான் இருக்கு. மீன்தலையைத் தன் பக்கம் வச்சு, தன்னைப் பாத்தே தேச்சிருக்கு.

"அத்தனையும் உன் மேலதானே கெடக்கு!"

"எங்கயாவது இருக்கணும்லண்ணே."

வியாகுலம் மெதுவா குனிஞ்சு தன் லுங்கியைப் பாத்தாரு. நீலக் கட்டம். ஒரு பொட்டு அழுக்கு இல்ல.

எமல்டா கத்தியை நீட்டுச்சு. வாங்கிக்கிட்டாரு. சாக்குல உக்காந்தாரு. கடைசி மீனை மடிக்குப் பக்கத்துல கொண்டுவந்தாரு. கொஞ்சம் யோசிச்சாரு. தலையைத் தன் பக்கம் திருப்பினாரு.

சர்ரு.

மொத செதில் மூக்குல. ரெண்டாவது லுங்கியில. அப்புறம் எது எங்க விழுந்துச்சுன்னு அவரு பாக்கல. வயித்தைக் கீறினப்ப ரத்தம் நீலக் கட்டத்துல எறங்கிப் பரவுச்சு. மீனைக் கழுவி மத்த மீனுங்களோட வச்சாரு. பலகை அப்படியே கெடந்துச்சு, ஈரமா, வெறுமையா.

எமல்டா மோட்டாரைப் போட்டுச்சு. கண்ணாடி ஒடஞ்சு கடல் கடலாச்சு.

கரை தெரிஞ்சுது. அப்புறம் வலைக்கொட்டாய். தூண்ல ஆரஞ்சு வலை தொங்குறது தெரிஞ்சுது. அதுக்குக் கீழ அமலதாசு, சுத்தி நாலு பேரு. எல்லாரையும் விட்டுத் தள்ளி, தலைகுப்புறக் கவுத்து வச்ச தன் வள்ளத்துமேல ஒருத்தன் சும்மா உக்காந்திருந்தான். சந்தியாகு.

எமல்டா மோட்டாரை அணைச்சுச்சு.

அணைச்ச பிறகும் ஒரு தடவை 'டர்ர்ர்'னுச்சு.

எமல்டா திரும்பிப் பாக்கல. வள்ளம் தானா மணல்ல போயி முட்டுச்சு.

பின்னாடி வியாகுலம் கையில ஒரு துண்டுத் துணியோட நின்னாரு. நீலக் கட்டம், ரத்தம், நாலஞ்சு செதில்.

"குருவே, இவ்வளவு நீளம் போதுமா?"

எமல்டா சட்டைப் பையிலேர்ந்து அந்த ஆரஞ்சு இழையை எடுத்து அவரு கையில வச்சுச்சு.

"முடிச்சு விழுந்தா போதும்ணே."